பழைய ஜீப்: பழுது பார்ப்பதா, மாற்றிப் போடுவதா?

பழைய ஜீப் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினால் யோசனை சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. ஒரு கட்சி, "இந்த டிரம்மு, இந்த ஸ்டியரிங்கு எதுவும் ஆகாதுங்க, கழட்டிக் கடாசிட்டு பொலிரோ சாமானைப் போட்டுருங்க" என்று ஆரம்பிக்கும். இன்னொரு கட்சி, "கம்பெனிக்காரன் போட்டதுல கை வெச்சீங்கன்னா வண்டி கெட்டுச்சு" என்று முடிக்கும். இரண்டு கட்சியிலும் பெரும்பாலானவர்கள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மச்சான் ஒருவர் மஹிந்திராவின் எம்எம் 540 ஜீப் வாங்கியிருக்கிறார். விடுமுறை நாட்களில் தோட்டத்துச் சாளையிலேயே வைத்து வேலை பார்க்க ஆசை. எதைச் சரிசெய்வது, எதை மாற்றுவது என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். 2112 சிசி பெஜோ டீசல் இன்ஜின், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், முன்னும் பின்னும் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), பவர் இல்லாத ஸ்டியரிங் என்பது அந்த வண்டியின் ஜாதகம். சிஎல் 550, மேஜர் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். 2010இல் வந்த முதல் மஹிந்திரா தார் ஜீப்பில் டிஐ இன்ஜின் வகைக்கும் ஓரளவு பொருந்தும். அதிலேயே சிஆர்டிஇ இன்ஜின் வகைக்கு முன்பக்கம் பட்டையே இல்லை, டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பிதான். அது வேறு கதை.

எந்தச் சாமானை எடுத்தாலும் மூன்று வழி உண்டு. இருப்பதையே பழுது பார்க்கலாம். அதே அளவில் புதிது வாங்கிப் போடலாம். வேறு வண்டியின் மேலான சாமானுக்கு மாறலாம். மூன்றில் எது என்பதை முடிவு செய்யும்போது நம் ஊரை மறந்துவிடக் கூடாது. கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. மில்லும் பம்ப்செட்டும் நிறைந்த ஊர் என்பதால் பேரிங், ஆயில் சீல், பெல்ட் விற்கும் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரி ஊர்கள். பட்டை வேலை தெரிந்த கை அங்கே நிறைய. ஆனால் ஜீப்பை மாற்றிக் கட்டுவதற்கென்றே பேர் போன இடம் அரியானாவில் இருக்கும் மண்டி டப்வாலி. கிட் என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை வடக்கேயிருந்து பார்சலில்தான் வருகின்றன. வந்த பிராக்கெட்டின் ஓட்டை அரை அங்குலம் தள்ளி இருந்தால் கடைசியில் நம் லேத்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும். ஆகக் கொங்குநாட்டில் பழுது பார்ப்பது மலிவு, மாற்றிப் போடுவது செலவு. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஸ்டியரிங் உதறல்

பழைய ஜீப் வாங்கியவர்கள் முதலில் சொல்லும் குறை இதுதான். ஐம்பது, அறுபது வேகத்தில் போகும்போது முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் கையை உதறித் தள்ளும். வண்டியை நிறுத்தினால்தான் அடங்கும். கடையில் கேட்டால், ஷாக் அப்சார்பர் மாதிரி ஆட்டத்தை அமுக்கும் ஸ்டியரிங் டாம்பர் போடச் சொல்வார்கள். போட்டதும் உதறல் குறையும். தேய்ந்தது தேய்ந்தபடியே உள்ளே இருக்கும். அது இன்னும் மோசமாகும்வரை நமக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் டாம்பரின் ஆபத்து.

வீட்டிலேயே காரணத்தைப் பிரித்துவிடலாம், ஒரு ஆள் துணை இருந்தால் போதும். முன் அச்சைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், உள்ளே இருப்பவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் வீல் பேரிங் லூஸ். அப்படியே இருந்தால், சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் பேரிங். பிரேக் பிடித்ததும் ஹப்பும், அதைத் தாங்கித் திருப்பும் நக்கிளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்வதால் வீல் பேரிங்கின் ஆட்டம் வெளியே தெரியாது. நக்கிளே ஆடினால் மட்டும்தான் தெரியும். அப்புறம் வண்டியைத் தரையில் இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கை இடம் வலமாகக் கொஞ்சம் கொஞ்சம் அசைக்கச் சொல்லி சக்கரங்களைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டான ஒவ்வொரு டை ராட் எண்டிலும் விரல் வைத்துப் பாருங்கள். எது செத்துப்போனது என்று விரலுக்கே தெரியும்.

கிங் பின் லூஸ் என்றால் மேல் மூடிக்கு அடியில் இருக்கும் ஷிம் தகடுகளில் ஒன்றிரண்டைக் குறைத்தால் பேரிங் இறுகும். எவ்வளவு இறுக வேண்டும் என்பதைக் கைக்கணக்கில் விடக் கூடாது. டை ராடைக் கழற்றிவிட்டு, அது மாட்டும் ஓட்டையில் ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி இழுங்கள். நக்கிள் அசையும்போது தராசு காட்டும் எடை, வண்டிக் கையேட்டில் போட்டிருக்கும் எடைக்குள் வர வேண்டும். ஆயில் சீலைக் கழற்றிய நிலையில் அளப்பதா, மாட்டிய நிலையிலா என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சீலின் பிடிமானமே தராசில் ஏறிவிடும். பேரிங்கில் குழி விழுந்திருந்தால் ஷிம் வேலை செய்யாது, புதிதுதான் போட வேண்டும். இத்தனையும் சேர்த்தாலும் ஒரு பவர் ஸ்டியரிங் கிட்டின் விலையில் சின்னப் பகுதிதான்.

பவர் ஸ்டியரிங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாவோ மாமனாரோ அறுபது தாண்டி வண்டியை எடுத்து, தோப்புக்குள் திருப்பித் திருப்பி ஓட்டுகிறவர் என்றால் அந்தச் செலவு தோள்பட்டைக்குச் செய்யும் செலவு. ஆனால் கிங் பின் லூஸாக இருக்கும் வண்டிக்குப் பவர் ஸ்டியரிங் போட்டால் உதறல் அப்படியே இருக்கும், கையில் தெரிவது மட்டும் குறையும். இன்னொன்று, ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் சேசிஸ் பகுதியைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்துப் பாருங்கள். பழைய ஜீப்பில் அங்கே முடியளவு விரிசல் விழுவது உண்டு. பவர் பாக்ஸின் தள்ளு விசை அதிகம் என்பதால் அந்த இடத்துக்குத் தகடு வைத்து வெல்டிங் பிடித்த பிறகுதான் பாக்ஸைத் தூக்க வேண்டும். இந்த வெல்டிங்கை வீட்டில் செய்ய வேண்டாம்.

பிரேக்: இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும்

டிரம்மா டிஸ்கா என்று கேட்டால் டிஸ்க் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். கேட்க வேண்டியது, உங்கள் வண்டி எங்கே போகிறது என்பதுதான். தாராபுரம், காங்கேயம் பக்கம் சமதரையில் தோட்டத்துக்கும் டவுனுக்கும் போய்வரும் வண்டிக்கும், ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போய் ஆளும் சாமானுமாக இறங்கும் வண்டிக்கும் ஒரே பதில் கிடையாது.

மலை இறக்கத்தில் நடப்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒன்றரை டன் வண்டி 700 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் ஒரு கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். அண்டாவில் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. இன்ஜினும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சம் பிரேக்குக்கு. டீசல் இன்ஜினில் காற்றை அடைக்கும் திராட்டில் இல்லாததால், பெட்ரோல் ஜிப்ஸி அளவுக்குக் கூட அது இழுத்துப் பிடிக்காது. சின்ன கியரில் இறங்கினால்தான் ஓரளவு பிடிக்கும். டிரம் சூடானால் விரியும். விரியும்போது, உள்ளிருந்து அழுத்தும் ஷூவைவிட்டு விலகிப் போகும். பெடல் கீழே கீழே இறங்குவது அதனால்தான். டிஸ்க் சூடானால் தடித்து, இருபுறமும் கவ்வும் பேடை நோக்கித்தான் வரும். தவிர வெளியே திறந்து கிடப்பதால் காற்றில் சீக்கிரம் ஆறிவிடும். தண்ணீரிலும் இதே கதைதான். ஓடையைத் தாண்டி வந்த டிரம்முக்குள் தண்ணீர் தேங்கி நின்று கொஞ்ச தூரம் பிரேக்கே இருக்காது. டிஸ்க்கில் பேட் ஒரு தடவை தொட்டாலே தண்ணீர் வழித்து வெளியே போய்விடும்.

ஆகவே மாதம் ஒரு தடவையாவது பாரத்தோடு வால்பாறையோ திம்பமோ கொல்லிமலையோ இறங்குகிறவர் முன்பக்கம் டிஸ்க்குக்கு மாறுவதில் நியாயம் இருக்கிறது. வடிவமைப்பிலேயே குறை இருக்கும் இடம் இது, தேய்மானம் இல்லை. ஆனால் டிஸ்க் மட்டும் வாங்கினால் வேலை முடியாது. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கும். அதையே டிஸ்க்குக்கு விட்டுவைத்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே ஓடிச் சூடாகும். பேடை அழுத்தும் கேலிப்பருக்குத் தேவைப்படும் எண்ணெயின் அளவும் வேறு, அதனால் மாஸ்டர் சிலிண்டரின் விட்டமும் மாற வேண்டும். டிரம்மில் ஷூ தானே தன்னை இழுத்து அழுத்திக்கொள்ளும் குணம் டிஸ்க்கில் இல்லாததால் காலின் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாமல் கால் வலிக்கும். பூஸ்டருக்கு வாக்குவம் வேண்டும். டீசலில் அது தானாகக் கிடைக்காது, வாக்குவம் பம்ப் இருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு கேலிப்பர் பழைய ரிம்முக்குள் இடிக்காமல் இருக்க வேண்டும். கிட் விற்பவரிடம் இந்த நான்கையும் கேளுங்கள். "எல்லாம் பொருந்துமுங்க" என்று ஒரே வரியில் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

மற்றவர்களுக்கு டிரம்மே போதும். டிரம்மைத் திட்டுகிறவர்களில் பலர் ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்த நான்கு டிரம்மை ஓட்டியே பார்த்ததில்லை. பழைய டிரம் பிரேக் பிடிக்காமல் போக மூன்று காரணம்தான் திரும்பத் திரும்ப வரும்: வீல் சிலிண்டர் கசிவு, டிரம் தேய்ந்து பள்ளம் விழுந்தது, அச்சின் ஆயில் சீல் விட்டு எண்ணெய் ஷூவில் ஏறியது. மூன்றாவதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. சீலை மாற்றி இரண்டு மாதத்தில் மறுபடி கசிகிறது என்றால் சீலைத் திட்டாதீர்கள், அச்சுக் கூட்டின் மேல் இருக்கும் பிரீதர் என்ற காற்றுப் போக்கியைப் பாருங்கள். சேறு காய்ந்து அது அடைத்திருக்கும். உள்ளே சூடாகும் காற்று வெளியேற வழி இல்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். பிரீதரைக் கழற்றி டீசலில் கழுவி மாட்டப் பைசா செலவில்லை. எண்ணெயில் ஊறிய ஷூவை மண்ணெண்ணெயில் கழுவி மறுபடி போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். லைனிங் உள்ளே வரை குடித்திருக்கும்.

டிரம்மைக் கடைவதற்கு முன் அதில் அச்சடித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைப் பாருங்கள். கணபதியில் ஒரு லேத்காரர், நான் புது டிரம் வாங்கும் முடிவோடு போனபோது, பழையதை அளந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது இன்னும் ஒரு கடைசல் தாங்குமுங்க, இதையப் போயி இரும்புக்குப் போடறீங்களா?" என்றார். கடைந்த டிரம்மின் விட்டம் பெரிதாகிவிடுவதால் ஷூ முழுதும் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஷூ லைனிங் முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து, டிரம்மை மாட்டி, ஷூ லேசாகத் தொடும்படி அட்ஜஸ்ட் செய்து ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் உண்மையில் பிடிக்கும் இடம். நடுவில் ஒரு கோடு மட்டும் அழிந்திருந்தால் அந்த ஷூவைத் தேய்த்து உருவம் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் "புது ஷூ போட்டும் பிடிக்கல" என்று டிஸ்க்குக்குப் போனவர்கள் உண்டு.

வீல் சிலிண்டருக்கு ரப்பர் கிட் மட்டும் போடலாமா என்றால், உள்சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் துரு இல்லாவிட்டால் போடலாம். தட்டுப்பட்டால் சிலிண்டரையே மாற்றுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறினால் அதைவிட வெகு கீழேயே கொதித்துவிடும். கொதித்தால் லைனில் ஆவி, ஆவி அழுந்தும், பெடல் தரையில். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழுக்க மாற்றுவது மலை ஏறுகிறவர்களுக்கு டிஸ்க்கை விடவும் முதலில் செய்ய வேண்டிய வேலை.

வீட்டில் பிரேக் வேலை செய்வதில் இரண்டு எச்சரிக்கை. ஹேண்ட்பிரேக் டிரம் சக்கரத்தில் இல்லாமல் கியர்பாக்ஸுக்குப் பின்னால் ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் இருக்கும் பழைய ஜீப்களில், பின் சக்கரம் ஒன்றைத் தூக்கினால் ஹேண்ட்பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் சுற்றிக்கொள்ளும், தரையில் இருக்கும் சக்கரம் உருளும். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுக்காமல் ஜாக்கி போடாதீர்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், எனவே டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பட்டையும் உயரமும்

வண்டி உட்கார்ந்துவிட்டது என்றால் மூன்று வழி: பழைய பட்டைக்குச் செட் போட்டு வளைவை மீட்பது, புதுப் பட்டை வாங்குவது, வண்டியைக் கம்பெனி உயரத்துக்கும் மேலே தூக்கும் லிஃப்ட் கிட். என் ஓட்டு பெரும்பாலும் முதல் வழிக்கு. மெயின் பட்டையில் விரிசலோ கண் தேய்மானமோ இருந்தால் அதை மட்டும் புதிதாகப் போட்டு மற்றதைச் செட் போடச் சொல்லுங்கள். லாரிப் பட்டை வேலை செய்யும் பட்டறையில் ஒரு நாளில் முடிந்துவிடும். பட்டையை நெருப்பில் காய்ச்சி வளைத்துவிட்டு, பிறகு முறையாகப் பதம் ஏற்றாமல் தந்தால் ஆறு மாதத்தில் மறுபடி உட்கார்ந்துவிடும். குளிர்ந்த நிலையிலேயே தட்டி வளைக்கும் ஆளாகப் பாருங்கள். கழற்றி மாட்டுவது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். யூ போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள், சென்டர் போல்ட் அச்சின் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு யூ போல்ட் நட்டை மறுபடி இறுக்க வேண்டும், பட்டைகள் ஒன்றோடொன்று படிந்துவிட்டிருக்கும்.

லிஃப்ட் பார்க்க அழகு. ஆனால் ஜீப்பின் பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் குட்டையானது. வண்டியை நாலு அங்குலம் தூக்கினால் அந்தக் குட்டை ஷாஃப்டின் கோணம் ஏறி, கிராஸ் ஜாயிண்ட் அதிர்ந்து சீக்கிரம் போகும். பட்டையின் முனையைச் சேசிஸில் தொங்கவிடும் சாக்கிளை நீளமாகப் போட்டுத் தூக்குவது இன்னும் மோசம். சாக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கும் வண்டியில், முன்பக்கம் அது நீண்டால் அச்சு முன்னால் கவிழ்ந்து, கிங் பின் பின்னால் சாய்ந்திருக்கும் கோணமான காஸ்டர் குறையும். காஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் தானே நேராகாமல் அலையும். அப்புறம் உதறல், அப்புறம் டாம்பர். தென்னந்தோப்பு வரப்புக்கும் கடம்பூர் மலைப் பாதைக்கும் கம்பெனி உயரமே போதும். முன் அச்சுக்கு, வேண்டாதபோது சக்கரத்தை ஷாஃப்டிலிருந்து பிரித்துவிடும் ஃப்ரீ வீலிங் ஹப் இல்லாவிட்டால் லிஃப்டுக்கு வைத்திருக்கும் காசில் அதைப் போடலாம். தார் ரோட்டில் முன் ஷாஃப்ட் வீணாகச் சுற்றுவது நிற்கும்.

டயரும் இப்படித்தான். 6.00-16க்குப் பதில் அகலமும் உயரமுமாகப் போட்டால் கியர் நீண்டு ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஸ்பீடோமீட்டர் குறைவாகக் காட்டும். பவர் இல்லாத ஸ்டியரிங் இன்னும் கனமாகும். கரிசல் சேற்றில் ஒல்லி டயர் உள்ளே அறுத்துப் போய் அடித்தரையைப் பிடிப்பதை ஒரு மழைக்காலம் ஓட்டினாலே பார்க்கலாம்.

இன்ஜினைத் தொடும் முன்

வேறு இன்ஜின் மாற்றலாமா என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதே. மவுண்ட், கிளட்ச், சைலன்சர், ரேடியேட்டர், ஆர்சி எல்லாம் கூடவே மாற வேண்டும். "இழுவை இல்லை" என்று சொல்லப்படும் பெஜோ இன்ஜின்களில் பலவற்றுக்கு நாசிலும் டீசல் பம்ப்பும்தான் நோய். நாசிலை டீசல் பம்ப் பட்டறையில் டெஸ்ட் பெஞ்சில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று தள்ளினால்தான் பிஸ்டன் ரிங் வேலை பற்றிப் பேச வேண்டும். பெஜோ இன்ஜின் நேரடியாக இல்லாமல் முன்னறையில் டீசல் பீய்ச்சும் வகை, அதனால் குளிரில் ஹீட்டர் பிளக் இல்லாமல் எடுக்காது. காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்தால் மல்டிமீட்டரில் ஒவ்வொரு பிளக்காகப் பாருங்கள். நல்ல பிளக் மிகக் குறைந்த ஓம் காட்டும், செத்தது ஒன்றுமே காட்டாது.

ஏர் ஃபில்டரில் மட்டும் ஊருக்கேற்ற ஒரு ஒப்பீடு உண்டு. பல்லடம், காங்கேயம் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் தோட்டத்து மண் ரோட்டில் ஓட்டினால் பேப்பர் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துவிடும். தூசியை எண்ணெயில் பிடித்து வைக்கும் பழைய ஆயில் பாத் ஃபில்டர் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். டீசலில் கழுவி, குறித்த கோடுவரை எண்ணெய் ஊற்றி வீட்டிலேயே எத்தனை தடவை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம்.

கண்ணை மூடிக்கொண்டு மேம்படுத்த வேண்டியது ஹெட்லைட்

மற்ற இடங்களில் பழுது பார்ப்பதன் பக்கம் நின்றவன் இங்கே கட்சி மாறுகிறேன். பழைய ஜீப்பில் ஹெட்லைட்டின் மொத்தக் கரண்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக மெல்லிய வயரில் போய் வருகிறது. இன்ஜின் ஓடும்போது பாட்டரியில் 14 வோல்ட் இருக்கும், பல்பு முனையில் அளந்தால் 12க்கும் கீழே நிற்கும். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் பல்பின் வெளிச்சம் ரொம்பவே குறைந்துவிடும். மெழுகுவர்த்தி வெளிச்சம் என்று திட்டு வாங்குவது பல்பின் குற்றமில்லை. பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடித்த வயர் இழுத்து, இரண்டு ரிலே போட்டு, பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும்படி செய்தால் அதே 60/55 வாட் பல்பு வேறு பல்பாகத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஏர்த் வயரையும் புதிதாக்குங்கள். அதிக வாட் பல்பும், பழைய ரிஃப்ளெக்டருக்குள் திணிக்கும் எல்இடி பல்பும் வேண்டாம். ரிலே போடாத வண்டியில் முதலாவது சுவிட்சை உருக்கும், இரண்டாவது எதிரே வருபவர் கண்ணைக் குத்தும்.

எந்தச் சாமானைப் பழையதாக வாங்கலாம்

உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் தேடும் சுகம் தனி. அங்கே வாங்கத் தகுந்தது வார்ப்பும் கூடும்தான்: அச்சுக் கூடு, நக்கிள், கியர்பாக்ஸ் கேஸ், பிராக்கெட். ரப்பர், சீல், பிரேக் சிலிண்டர், டை ராட் எண்ட், பேரிங் இவை புதிதாகத்தான் வர வேண்டும். பேரிங்கை ஜீப் சாமான் என்று கேட்டு வாங்காதீர்கள். பழையதின் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்து, மில்லுக்குப் பேரிங் விற்கும் கடையில் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். நல்ல கம்பெனிச் சரக்கு, ஜீப் ஸ்பேர் கடையின் பேர் தெரியாத டப்பாவை விட நம்பகமாகக் கிடைக்கும். ஆயில் சீலும் அப்படியே: உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரில் அளந்துகொண்டு போங்கள். கியர் ஆயிலில் எல்லாவற்றுக்கும் ஒன்றே என்று ஊற்றாதீர்கள். பின் அச்சுக்கு ஜிஎல் 5, பித்தளை சிங்க்ரோ வளையம் உள்ள கியர்பாக்ஸுக்கு ஜிஎல் 4. சில ஜிஎல் 5 எண்ணெய் பித்தளையை அரிக்கும்.

காகித வேலை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்சியில் இருக்கும் விவரம் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. கிங் பின், பட்டைச் செட், டிரம் கடைசல், ரிலே எதற்கும் இதனால் சிக்கல் இல்லை. வேறு இன்ஜின், மாற்றிய பாடி, பெரிய டயர், தூக்கிய உயரம் எல்லாம் எஃப்சி பார்க்கும் அதிகாரியின் கண்ணில் முதலில் படும். முன்னால் கட்டும் இரும்புக் கார்டுக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிக்கைப்படி 20 வருடம் தாண்டிய இலகு ரக வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் மட்டுமே 10,000 ரூபாய்.

மச்சானின் வண்டிக்குப் புதுப்பிப்பு நெருங்குகிறது. அதனால் அவருக்கு நான் சொன்ன வரிசை இது: முதலில் பிரேக் எண்ணெயும் வீல் சிலிண்டரும், அப்புறம் கிங் பின், ஹெட்லைட் ரிலே. எஃப்சி முடிந்த பிறகு பட்டை. தேங்காய்ப் பாரத்தோடு மலை இறங்கும் வேலை அவருக்கு இல்லாததால் டிஸ்க் இப்போதைக்கு இல்லை. இன்ஜின் பிளாக் விரிசல் விட்டு, அதே வகை இன்ஜினையே வாங்கிப் போட நேர்ந்தாலும் இன்ஜின் எண் மாறிவிடும். எனவே பில்லோடு ஆர்டிஓ ஆபீசில் பதிவு செய்யும் வழியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம் பழைய இன்ஜினை இறக்கச் சொல்லியிருக்கிறேன்.